பில்லை யார் கொடுப்பது?

பெரம்பலூரிலிருந்து திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையில் ஆலத்தூர் கேட் என்று ஓர் இடம். அங்கே இறங்கி மேற்கே திரும்பினால் செட்டிகுளம் வரும். இலங்கையில் வவுனியாப் பக்கத்திலும் ஒரு செட்டிகுளம் உண்டு, இது அதுவல்ல. இது சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன செட்டிகுளம். ஊருக்குள் ஏகாம்பரேசுவரர் கோயில், குன்றின்மேல் தண்டாயுதபாணி. மற்ற ஊர்களில் வேல் பிடித்து நிற்கும் முருகன் இங்கே கையில் கரும்பு பிடித்து நிற்கிறார். பங்குனி உத்திரத்துக்குக் கூட்டம் நெரியும். மற்ற நாட்களில் படியேறி வருகிறவர்கள் சாவகாசமாக உட்கார்ந்து பேசிவிட்டு இறங்கலாம்.

இப்படிப்பட்ட கோயில்களுக்கு நம் நாட்டில் இன்னொரு உபயோகமும் உண்டு. பெண் பார்ப்பது. ஒரு தூணோரம் பெண் வீட்டார், இன்னொரு தூணோரம் பிள்ளை வீட்டார். தற்செயலாகச் சந்தித்ததுபோல் ஒரு பேச்சு, ஒரு பார்வை. அவ்வளவுதான்.

பெரியவர்கள் கோயிலைத் தேர்ந்தெடுத்ததற்குப் பக்தி மட்டும் காரணமல்ல. கோயில் மண்டபத்தில் யாரும் யாருக்கும் விருந்தாளி இல்லை. யாரும் யாருக்கும் காபி போட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. பிடித்திருந்தால் மறுநாள் ஆள் அனுப்பலாம். பிடிக்காவிட்டால், "சாமி கும்பிட வந்தோம், பார்த்தோம்" என்று விபூதியைப் பூசிக்கொண்டு இறங்கிவிடலாம். இரு தரப்புக்கும் செலவும் இல்லை, பழியும் இல்லை.

இன்றைக்கு அந்த மண்டபத்தின் வேலையில் பாதியை ஓட்டல் எடுத்துக்கொண்டுவிட்டது. இரு வீட்டாரும் பாதி வழியில் ஒரு குளிர்சாதன ஓட்டலில் சந்திக்கிறார்கள். படித்து வேலைக்குப் போகும் பிள்ளைகள், "முதலில் நாங்கள் இருவரும் பேசிப் பார்க்கிறோம்" என்று பெரியவர்கள் இல்லாமலே சந்திக்கிறார்கள். தாங்களே ஒருவரையொருவர் கண்டுபிடித்துக்கொண்ட காதலர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெரம்பலூரிலோ திருச்சியிலோ மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு ரோஸ்ட், ஒரு பரோட்டா, இரண்டு காபி. எல்லாம் முடிந்ததும் சோம்பும் கற்கண்டும் வைத்த தட்டில் பில் வருகிறது.

கோயில் மண்டபத்தில் எழாத கேள்வி அந்தத் தட்டிலேறி வந்துவிடுகிறது. இதை யார் கொடுப்பது?

கை நனைத்தல்

சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்விதான். ஆனால் தமிழர்களுக்குச் சாப்பாடு என்றுமே வெறும் சாப்பாடாக இருந்ததில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லும் பழமொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கர்ணன் தோற்கிற பக்கம் என்று தெரிந்தும் துரியோதனனை விட்டு அகலாததற்கு நம் ஊர்க் கதைசொல்லிகள் ஒரே வார்த்தையில் காரணம் சொல்வார்கள்: செஞ்சோற்றுக் கடன். இரண்டு குடும்பங்களுக்குள் பகை முற்றினால், "இனி அவன் வீட்டில் கை நனைக்க மாட்டேன்" என்றுதான் சபதம் பிறக்கும். சண்டை தீர்ந்தது என்பதற்கு அடையாளமும் ஒரு பந்திதான்.

அதனால்தான் கலியாணப் பேச்சில் சாப்பாட்டைச் சுற்றி ஒரு வேலி போட்டு வைத்தார்கள். சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது தமிழ்நாட்டில் பல சமூகங்களில் உள்ள வழக்கம். சொஜ்ஜி, பஜ்ஜி, காபி என்றால் பாதகமில்லை. இலை போட்டுச் சோறு என்றால், "அதற்கென்ன அவசரம், எல்லாம் பேசி முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நாசூக்காக எழுந்துவிடுவார்கள். கண்டிப்பான வீடுகளில் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. இரு தரப்புக்கும் சம்மதம் என்று ஆன பிறகே இலை விழும். "கை நனைச்சாச்சு" என்று ஊருக்குள் செய்தி பரவினால் வேறு யாரும் அந்தப் பெண்ணைக் கேட்டு வரமாட்டார்கள்.

இந்த ஏற்பாட்டின் சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும். முதலில் சம்மதம், பிறகு சாப்பாடு. வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தால், கடன்படாத வாயால் சொல்லலாம். சாப்பிட்டுவிட்டு மறுப்பது நன்றி கெட்டதனம் என்ற பேச்சுக்கு இடமே வைக்கவில்லை.

அந்தச் சம்மதத்தில் பெண்ணின் வாய்க்கு எவ்வளவு பங்கு இருந்தது என்று கேட்டால் பதில் சங்கடமாகத்தான் இருக்கும். காபித் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு, உள்ளே போவதே அநேக வீடுகளில் அவள் பங்காக இருந்தது. வேலியைப் போட்டவர்கள் அவளுக்காக அதைப் போடவில்லை; தங்கள் குடும்ப கௌரவத்துக்காகப் போட்டார்கள். ஆனாலும் அதன் நிழல் அவள்மீதும் கொஞ்சம் விழுந்தது.

இன்றைக்கு வரிசை தலைகீழாகிவிட்டது. முதலில் சாப்பாடு, பிறகு பேச்சு, அதற்கும் பிறகு சம்மதமோ மறுப்போ. ஒரு தடவை அல்ல, நாலைந்து தடவை கை நனைத்த பிறகுதான் யோசனையே தொடங்குகிறது. இதில் தப்பு ஒன்றுமில்லை. வாழப்போகிறவர்கள் பேசிப் பழகிப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் வேலியை எடுத்துவிட்டோமே, அது காத்து வந்த பொருள் என்ன ஆயிற்று?

அமெரிக்காவிலும் இதே கதை

பிள்ளையும் பெண்ணும் வெளியே போனால் பிள்ளைதான் பணம் கொடுக்க வேண்டும் என்பது மேல்நாட்டு நாகரிகம் என்று இங்கே ஒரு நினைப்பு இருக்கிறது. மேல்நாட்டிலேயே அது அவ்வளவு பழைய சரக்கு அல்ல.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்வரை அமெரிக்காவில் கொஞ்சம் வசதியுள்ள குடும்பங்களில், வாலிபன் பெண்ணின் வீட்டுக்கு வந்துதான் அவளைப் பார்ப்பான். வரலாமா என்று அவன் கேட்கக் கூடாது. பெண்ணோ அவள் தாயாரோதான் அழைக்க வேண்டும். முன்கூடத்தில் உட்காரவைத்துத் தேநீரும் பலகாரமும் கொடுப்பார்கள். கிட்டத்தட்ட நம் சொஜ்ஜி பஜ்ஜிதான். செலவு பெண் வீட்டாருடையது. அழைக்கும் அதிகாரமும் அவர்களுடையது. வீட்டுக்காரர் செலவழிப்பதில் யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

பிறகு நகரங்கள் பெருத்தன. கிராமங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்த தொழிலாளர் குடும்பங்கள் ஒண்டுக் குடித்தனங்களில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தன. வாலிபனை உட்காரவைக்க முன்கூடம் ஏது? சந்திப்பு தெருவுக்கும் நடன மண்டபத்துக்கும் உணவு விடுதிக்கும் போயிற்று. "டேட்" என்ற சொல் இந்தப் பொருளில் அச்சேறியதே 1896-ல், ஜார்ஜ் ஏட் என்ற எழுத்தாளர் சிகாகோ நாளிதழில் எழுதிவந்த பத்தியில்தான் என்று சொல்வார்கள். வெளியே எதற்கும் காசு வேண்டும். காசு வாலிபன் கையில் இருந்தது. அழைக்கும் அதிகாரமும் அவன் கைக்கு மாறிவிட்டது. பெத் பெய்லி என்ற சரித்திர ஆசிரியை 1988-ல் வெளியிட்ட நூலில் இந்த மாற்றத்தை விரிவாக எழுதியிருக்கிறார்.

கேத்தி பைஸ் என்ற இன்னொருவர் 1986-ல் எழுதிய நூல் இன்னும் கொஞ்சம் உள்ளே போகிறது. நியூயார்க்கில் ஆலைகளிலும் கடைகளிலும் வேலை பார்த்த பெண்களைப் பற்றியது அது. அவர்களுக்கு ஆண்களைவிடக் கூலி வெகு குறைவு. வாங்கிய கூலியையும் உறை பிரிக்காமல் தாயாரிடம் கொடுத்துவிட வேண்டும். சகோதரன் மட்டும் தன் கூலியில் ஒரு பகுதியைத் தன் பையில் வைத்துக்கொள்ளலாம். ஆகவே, ஒரு நாடகம் பார்க்கவோ நல்ல சாப்பாடு சாப்பிடவோ ஆசைப்பட்ட பெண், யாராவது ஓர் ஆடவன் செலவழித்தால்தான் உண்டு. செலவழித்தவன் பிரதியாக எதையாவது எதிர்பார்த்தான். எவ்வளவு என்பது எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. அவளாகப் புரிந்துகொள்ள வேண்டும். புரியாததுபோல் நடந்துகொண்டால் கெட்ட பெயர். புரிந்து நடந்துகொண்டாலும் கெட்ட பெயர்.

பில்லை ஆண் கொடுக்கும் வழக்கம் பெருந்தன்மையில் மட்டும் பிறக்கவில்லை. பெண்ணின் கையில் காசு இல்லாததிலும் பிறந்தது.

மேல்நாட்டுப் பெரிய விடுதிகள் சிலவற்றில் பெண்களுக்கென்றே விலை போடாத உணவுப் பட்டியல் கொடுப்பார்கள். விலையைப் பார்த்து அவள் தயங்கக் கூடாதாம். 1980-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒரு பெண்மணி தன் தொழில் கூட்டாளியான ஆடவரை விருந்துக்கு அழைத்துப் போனார். அழைத்தவர், பணம் கொடுக்கப் போகிறவர் அவர்தான். ஆனால் விலை போட்ட பட்டியல் விருந்தாளியான ஆடவர் கைக்குப் போயிற்று. அந்த அம்மாளுக்கு விலை இல்லாத பட்டியல்! வழக்கு நீதிமன்றம்வரை போகவே, விடுதி தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாட்டில் இதே காரியத்துக்காக ஒரு பிரபல விடுதிக்கு 2019-ல் ஏறக்குறைய 62,000 டாலர் அபராதம் விதித்தார்கள்.

பணம் ஓடிய திசை

நம் நாட்டுச் சங்கதிக்கு வருவோம். ஆண் கொடுக்க வேண்டுமா, பெண் கொடுக்க வேண்டுமா என்பதில் நமக்கு மாறாத சம்பிரதாயம் ஏதாவது உண்டா?

கிடையாது. பாட்டன் காலத்தில் தமிழ்நாட்டின் பல சமூகங்களில் மாப்பிள்ளை வீட்டார்தான் பரிசம் போட்டுப் பெண் எடுத்தார்கள். வயலில் பாடுபடுகிற ஒரு பெண் நம் வீட்டுக்கு வருகிறாள், அவள் பிறந்த வீட்டுக்கு அது நஷ்டம் என்பது கணக்கு. பிறகு படிப்பும் சம்பள உத்தியோகமும் பையன்களுக்குக் கிடைக்க ஆரம்பித்தன. பணம் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கிற்று. பரிசம் வாங்கிய குடும்பங்களே ஒன்றிரண்டு தலைமுறைக்குள் வரதட்சணை கொடுத்தன. 1961-ல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. 1980-களில் அதைக் கடுமையாக்கினார்கள். ஆனாலும் தலை தீபாவளிக்கும் ஆடிச் சீருக்கும் மாமனார் கடன் வாங்குவது நின்றபாடில்லை.

வேடிக்கையைப் பாருங்கள். ஓட்டல் மேசையில் நூற்றைம்பது ரூபாய் பில்லைப் பெண் தொட்டால், "ஆம்பளை நான் இருக்கும்போது நீ கொடுக்கிறதா?" என்று ரோஷப்படுகிற பிள்ளையாண்டான், கலியாணப் பேச்சில் நகை எத்தனை சவரன் என்று அப்பா கேட்கும்போது கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மேசையில் பொங்கிய ரோஷம் மணவறைக்கு வருவதற்குள் எங்கே ஆறிப்போகிறதோ!

கல்லாவடியில்

இரு குடும்பங்களும் ஓட்டலில் சந்திக்கும்போது கல்லாவடியில் நடக்கிற கூத்து ஒரு தனி ரகம்.

"அட, நீங்க வைங்க. எங்க ஊருக்கு வந்துட்டு நீங்க கொடுக்கிறதாவது!"

"இல்லீங்க ஐயா, வரச்சொன்னது நாங்க. இருக்கட்டும் விடுங்க."

கையைப் பிடித்து இழுக்கிறார்கள். கல்லாவில் இருப்பவர் இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளுக்கு நடுவே விழித்துக்கொண்டிருக்கிறார். பார்க்கிறவர்களுக்கு இது உபசாரம். உள்ளே இருப்பது வேறு. பெண்ணைப் பெற்றவர் தாமே கொடுக்கத் துடிக்கிறார். பிள்ளை வீட்டார் பேசாமல் விட்டுவிட்டால் சாதகமான சகுனம் என்று எடுத்துக்கொள்வார். பிள்ளை வீட்டார் பிடிவாதமாகத் தாங்களே கொடுத்துவிட்டால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசனைதான். "நம் சோறு வேண்டாம் என்கிறார்களா?" கை நனைத்தல் ஓட்டலுக்குக் குடிபெயர்ந்து, கல்லாப் பெட்டியருகே நின்றுகொண்டிருக்கிறது.

பெரியவர்கள் துணைக்கு இல்லாத மேசையில் இந்தக் கூத்தும் இல்லை. பரிமாறுகிறவர் பில் தட்டை யோசிக்காமல் ஆண் பக்கமே வைக்கிறார். அவளும் பையைத் திறந்தால், "இருக்கட்டும், அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்கிறான் அவன். அந்த ஒரு வாக்கியத்தில் அடுத்த தடவை உண்டு என்பது முடிவாகிவிடுகிறது. அவளை யாரும் கேட்கவில்லை.

கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு பாரமும் சேர்ந்துகொள்கிறது. செட்டிகுளத்துக் கடைத்தெருவில் ஒரு பையனும் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்துவிட முடியுமா? டீ ஆறுவதற்குள் செய்தி வீட்டுக்குப் போய்விடும். அதனால்தான் பேருந்து ஏறித் திருச்சிக்குப் போகிறார்கள். முகம் தெரியாத ஊர், உயரமான நாற்காலி முதுகு, குளிர்சாதன அறை. அங்கே கொடுக்கிற பில் தோசைக்கு மட்டுமல்ல, மறைவுக்கும் சேர்த்துக் கொடுக்கிற வாடகை. இந்த மறைவு சிலருக்கு உயிர்ப் பிரச்சினை. 2015 ஜூன் மாதம் திருச்செங்கோட்டு மலைக்கோயிலில் உடன் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜ் என்ற பொறியியல் பட்டதாரியை அங்கிருந்து கடத்திக் கொன்றார்கள். அவர் பட்டியல் வகுப்பினர். பெண் வேறு சாதி. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தலைமைக் குற்றவாளியின் தண்டனையை 2023-ல் சென்னை உயர்நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. கோயில் மண்டபம் எல்லாருக்கும் பொது என்று சொல்லிவிட்டுப் போக முடியாததற்கு இது ஒன்று போதும்.

வெங்காயக் கணக்கு

பையனின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். எல்லாப் பையன்களும் வங்கியிலிருந்து வருகிறவர்கள் அல்ல. அப்பா வெங்காயம் போட்டிருப்பார். சின்ன வெங்காயத்தின் விலை ஒரு வருஷம் ஏறும், மறு வருஷம் பறித்த கூலிக்குக்கூடக் கட்டாது. பட்டறையில் போட்டு விலைக்குக் காத்திருந்தால் அழுகல் பயம். அப்படிப்பட்ட வீட்டுப் பையன் கல்லூரிச் சிநேகிதனிடம் கைமாற்று வாங்கிக்கொண்டு பெண்ணை ஓட்டலுக்கு அழைத்துப் போகிறான். அவள் ஐஸ்கிரீம் என்று சொல்லும்போது அவன் மனக்கணக்குப் போடுகிறான். விலை தெரியாமல் சாப்பிடுவது அவளுக்குச் சங்கடம் என்றால், விலை தெரிந்து சிரிப்பது அவனுக்குச் சங்கடம். ஆண் என்றால் கொடுத்தாக வேண்டும் என்ற விதி இவனையும்தான் கட்டிப்போடுகிறது.

பெண்ணின் கையில் இன்று காசு உண்டா என்றால், முன்னைவிட உண்டு. 1976-ல் சம வேலைக்குச் சம ஊதியம் என்று சட்டம் வந்தது. ஆனாலும் காட்டு வேலையில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பது பல இடங்களில் மறையவில்லை. 1989-ல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனோடு சம பங்கு என்றது. 2021-ல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆயிற்று. 2022-ல் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் வந்தது. அந்த ஆயிரம் ரூபாய் ஓட்டலில் சாப்பிடுவதற்குக் கொடுத்ததல்ல, வாஸ்தவம்தான். ஆனால் தன் பெயரில் வங்கிக் கணக்கும், அதில் தன் பணமும் இருக்கிற பெண், தன் காபிக்குத் தானே கொடுக்கலாமா என்று யோசிக்கவாவது முடிகிறது. அவள் பாட்டிக்கு அந்த யோசனைக்கே வழியில்லை.

மொய் நோட்டு

தமிழ்நாட்டிலேயே ஒரு வட்டாரத்தில் விருந்துக்கு யார் கொடுப்பது என்பதை ஒளிவுமறைவில்லாமல் தீர்த்துவைத்திருக்கிறார்கள். புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கம் ஆடி பிறந்தால் மொய் விருந்து களைகட்டும். கலியாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை, விருந்துதான் விசேஷம். செலவைக் குறைக்கப் பலர் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்துவார்கள். ஆட்டுக்கறிச் சாப்பாடு போடுவார்கள். சாப்பிட்டவர் கையைக் கழுவிக்கொண்டு நேரே மொய் எழுதுகிற மேசைக்குப் போவார். எவ்வளவு கொடுத்தார் என்பது பெயரோடு நோட்டில் ஏறும். அவர் விருந்து வைக்கிற வருஷம் அந்தத் தொகையோடு கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். பல குடும்பங்கள் அந்தப் பணத்தில் கிணறு வெட்டியிருக்கின்றன, பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கின்றன. சமாளிக்க முடியாமல் கடனில் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு.

அதன் நல்லது கெட்டது ஒருபுறம் இருக்கட்டும். அங்கே வாங்கினது இவ்வளவு, திருப்ப வேண்டியது இவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரியும். நோட்டில் இருப்பதைத் திருப்பிவிட்டால் பிறகு யாரும் யார் கழுத்திலும் துண்டு போட முடியாது. ஓட்டல் மேசையில் ஒருவன் வாங்கிக் கொடுக்கிற சாப்பாட்டுக்கு அந்த நோட்டு கிடையாது. ஆறு மாதம் பழகிவிட்டு, "எனக்குச் சரிப்படாது" என்று ஒரு பெண் சொன்னால் போதும். உடனே நோட்டு எங்கிருந்தோ முளைக்கிறது. எத்தனை சினிமா, எத்தனை பிரியாணி, பிறந்தநாளுக்கு எத்தனை ரூபாயில் செருப்பு! சிநேகிதர்கள் கூடி நின்று ஆமோதிக்கிறார்கள்: "இவ்வளவு செலவு பண்ணினானே, ஏமாத்திட்டா பாரு!"

கடன் சொல்லிக் கொடுத்திருந்தால் கடன். அன்பாகக் கொடுத்தது என்றால் அன்பு. கொடுக்கும்போது அன்பு, கேட்கும்போது கடன் என்றால் அதற்கு வியாபாரத்தில்கூட நல்ல பெயர் இல்லை.

சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே பேசுகிறது. விருப்பமில்லை என்று ஒரு பெண் தெரியப்படுத்திய பிறகும் அவளைத் தொடர்ந்து பின்தொடர்வதும் தொடர்புகொள்ள முயல்வதும் 2013-லிருந்து தனிக் குற்றம். 2024 ஜூலை முதல் நடைமுறையிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78-ஆம் பிரிவு. முதல் தடவைக்கே மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். எத்தனை நெய் ரோஸ்ட் வாங்கிக் கொடுத்திருந்தாலும் அதற்காகத் தண்டனையில் ஒரு நாள்கூடக் கழிவு கிடையாது.

முறை வைத்துக்கொள்வது

அவரவர் பங்கை அவரவர் கொடுப்பதை ஆங்கிலேயர்கள் டச்சுக்காரர்கள் தலையில் கட்டிவைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அதற்குக் கஞ்சத்தனம் என்று பெயர். காபிக்குப் பதினைந்து ரூபாய், வடைக்குப் பத்து என்று நண்பர்களுக்குள் பிரித்துக் கணக்குப் பார்த்தால் சிரிப்பார்கள். நமக்குப் பழக்கமானது முறை. இன்றைக்கு நீ கொடு, நாளைக்கு நான் கொடுக்கிறேன். டீக்கடையில் தினமும் சந்திக்கிற நாலு பேர் ஒரு வருஷக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் ஆளுக்கு ஏறக்குறைய சமமாகவே வரும். யாரும் எழுதிவைத்திருக்க மாட்டார்கள்.

பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவே இந்த முறையைக் கொண்டுவந்தால் யாருக்கும் மானம் போகாது. அழைத்தவர் கொடுப்பது என்று ஆரம்பிக்கலாம். அடுத்த முறை மற்றவர் அழைக்கட்டும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பார்த்துக்கொள்வது இதுவே முதலும் கடைசியுமாக இருக்கலாம் என்ற சந்திப்பில் முறைக்கு வழியில்லை. அடுத்த முறை என்பதே நிச்சயமில்லாதபோது யாருக்கு யார் முறை வைப்பது? பெரியவர்கள் ஏற்பாடு செய்த முதல் சந்திப்பு அப்படிப்பட்டது. அன்றைக்குப் பாதிப் பாதியாகக் கொடுத்துவிடுவதே உத்தமம். பாட்டி காலத்தில், "தண்ணீர் போதும், சோறு பிறகு" என்று எழுந்தார்களே, அதன் இன்றைய உருவம் இதுதான். வேண்டாம் என்று சொல்ல வந்தால் இரண்டு பேருமே கடன்படாத வாயால் சொல்லலாம்.

அதற்குச் சில்லறைத் தொந்தரவுகூட இப்போது இல்லை. 2016-ல் வந்த யு.பி.ஐ. முறை டீக்கடைவரை பரவிவிட்டது. முந்நூற்று நாற்பது ரூபாய் பில்லில் நூற்றெழுபதை ஒரு கைபேசியும் நூற்றெழுபதை இன்னொரு கைபேசியும் கொடுத்துவிடுகின்றன. தேதி, பெயர், தொகை எல்லாம் பதிவாகிவிடும். மொய் நோட்டேதான், என்ன, இதைக் கூட்டி வைத்துக்கொண்டு பின்னால் சண்டைக்குப் போகாமல் இருக்க வேண்டும்.

கொடுப்பதற்குமுன் பில்லை ஒரு தடவை படித்துப் பார்ப்பதும் நல்லது. முகத்துக்கு அஞ்சி, படிக்காமலே கொடுத்துவிடுகிற வாலிபர்கள் ஏராளம். பெரிய ஓட்டல்கள் சிலவற்றில் சேவைக் கட்டணம் என்று ஒரு தொகை சேர்ந்திருக்கும். அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. டில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை ஏற்றுக்கொண்டது. விருப்பமிருந்தால் கொடுக்கலாம். இல்லாவிட்டால் எடுத்துவிடச் சொல்லலாம்; பெண் எதிரே உட்கார்ந்திருக்கிறாள் என்பதற்காக வாய் அடைத்துப்போக வேண்டியதில்லை.

பரிமாறுகிறவர்களும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். தட்டைப் பழக்கத்தில் ஆண் பக்கம் நீட்டப் போனவர், பாதியில் நிறுத்தி, மேசைக்கு நடுவே வைத்துவிட்டு, "பில் ஒண்ணாப் போட்டிருக்கு. தனித்தனியா வேணுமாங்க?" என்று கேட்டுவிட்டு நிற்கிறார்.